நைவிரியில் எல்லோருக்கும் கண் தெரியாமல் போன வாரம்

நைவிரித் தீவில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. மீதிப் பேருக்குக் காது கேட்காது. நடக்க முடிந்தவர்கள் சிலர் உண்டு, ஆனால் அவர்களுக்குத் தங்கள் பெயரே நினைவில்லை. தலைநகர் சுவாவிலிருக்கும் ஆய்வு அலுவலகத்துக்கு இப்படியொரு தகவல் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவள் விலிமைனா. அவள் பொய் சொல்லவில்லை.

நான் நைவிரி மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் பெரிய தீவின் மேற்குப் பக்கம். வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வெளியிலிருந்து வேலையாக வருகிற பெண்களுக்கு என் வீட்டில்தான் பாய் போடுவார்கள். விலிமைனாவும் அப்படித்தான் படகில் வந்து இறங்கினாள். ஒரு கையில் குடை, மறு கையில் குழந்தையைப் பிடிப்பது போல டேப்லெட்.

அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வுனிதோகோ ஊர்க்காரி. மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் நெடுங்காலம் நின்றே வேலை பார்த்தவள். கணவன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய், அங்கேயே வேறொரு வீடு வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள், அதுவும் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கும் தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிழங்கு வெந்து குழைந்துவிடும்.

"ஆலையில பகல் முழுக்க நிப்பேன் நர்ஸம்மா. மெஷின் சத்தம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க, நானும் யாரையும் கேட்க மாட்டேன். இப்பப் பாருங்க, எந்த ஊருக்குப் போனாலும் பாயப் போட்டு உக்கார வெச்சுப் பேசறாங்க. இந்த வேலையும் போச்சுன்னா, திரும்ப அந்த மீன் நாத்தந்தான் எனக்கு."

முதலில் காகிதத்தில்தான் கேட்டிருக்கிறாள். படகில் அலையடித்து ஒரு ஊரின் பதில்கள் மொத்தமும் கூழாகிப் போனபோது உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிறகு டேப்லெட் கொடுத்தார்கள். அதை வைத்து அவள் செய்ததையெல்லாம் கேட்டு எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. மலையில் யாருக்குக் கிலோமீட்டர் தெரியும்? இவள் டேப்லெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டுப் பெண்ணோடு ஊற்றுவரை நடந்தாள். போன வழியை அதுவே கோடாகப் போட்டுக்கொண்டது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் "வெள்ளைதான்" என்பார்கள். அட்டையைப் படம் பிடித்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டாள். காது கேளாத ஒருவருக்கு அவருடைய அக்காள் மகளை உட்கார வைத்து, கேள்விகளைச் சைகையில் கேட்கச் சொல்லி, வீடியோ எடுத்து அவரிடம் காட்டினாள். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே பதில் சொன்னாராம். இதைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டாள்.

இந்த முறை வந்தது உடல் இயலாமை பற்றிய கணக்கெடுப்பு. பார்க்க, கேட்க, நடக்க, நினைவு வைத்துக்கொள்ள எவ்வளவு சிரமம் என்று கேட்க வேண்டும். சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு பட்டைகள். ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தொட்டுவிடும்.

சிக்கல் டேப்லெட்டில் இல்லை. வுனிதோகோவும் நைவிரியும் தௌவு ஊர்கள். இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம் என்பதால், ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், கோபம் மட்டும் வரக்கூடாது. மச்சான் முறைக் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் கூட வராது. இரண்டு ஊர்க்காரர்கள் சந்தித்துவிட்டு ஒழுங்காகப் பேசினால், என்ன மனஸ்தாபம் என்று ஊர் கேட்கும்.

சுவாவில் ஆள் போட்டவர்களுக்கு இது தெரியவில்லை. விலிமைனாவுக்குத் தெரியும், ஆனால் வேலை வேறு, முறை வேறு என்று நினைத்துவிட்டாள். படகிலிருந்து இறங்கியதுமே அவள் குடையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு அவள், நைவிரித் தலைவர் எபராமாவின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கரையில் ஒரே கூச்சல்.

முதல் வீடு தோரிகாவுடையது. வாட்டசாட்டமான பெண், நாக்கு அதைவிட. நானும் திண்பண்டத் தட்டோடு பக்கத்தில் இருந்தேன்.

"கண்ணாடி போட்டிருந்தாலும் சரி, பார்ப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?" விலிமைனா பயிற்சியில் சொன்னபடி நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"காலைல வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது தௌவு. உன் மூஞ்சியப் பாத்தேன், அதோட சரி. இருட்டு."

"அப்ப, முடியவே முடியாதா?"

"முடியவே முடியாது! தட்டு, தட்டு!"

"கேட்பதில் சிரமம் உள்ளதா?"

"எங்கியோ ஆடு கத்துது. வேற ஒண்ணும் கேக்கல."

"நடப்பதில்?"

"உங்க பாட்டன் எங்க பன்னியத் திருடிட்டு ஓடினானே, அவனத் துரத்திப் போன கால்தான் இது. அன்னிக்கே போச்சு."

"அந்தப் பன்னி தானாத்தான் வந்துச்சு. இங்க இருந்தா தன்னைவிட அழுக்கானவங்களோட படுக்க வேண்டியிருக்குன்னு எங்க ஊர்ல வந்து அழுதுச்சு," என்றாள் விலிமைனா. வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"நினைவு வைத்துக்கொள்வதில்?"

"நீ யாரு?"

சொன்னதைப் பதிய வேண்டும், நீயாக எதையும் மாற்றக் கூடாது. பயிற்சியில் அவளுக்கு அடித்துச் சொன்ன விதி அது. அவள் மாற்றவில்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. குறிப்புக்கான இடத்தில் மட்டும், "பதில் சொன்னவர் சிரித்தார்" என்று எழுதினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதையே எழுத வேண்டியிருந்தது.

"இத இப்படியே அனுப்பப் போறியா?" என்று கேட்டேன்.

"அவங்க சொன்னாங்க, நான் தட்டினேன். என் வேலை அவ்வளவுதான் நர்ஸம்மா," என்றாள். ஆனால் அவள் முகத்தில் கொஞ்சம் கலக்கம் இருந்தது.

சிக்னல் கிடைப்பது தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும். அங்கே போய் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வந்தாள். மறுநாள் காலை அதே மேட்டில் அவளுக்கு அழைப்பு வந்தது. மேற்பார்வையாளர் பிரனீல். நல்ல பிள்ளை, குரலை உயர்த்திப் பேச மாட்டான். அதுதான் பயமே.

"விலிமைனா அக்கா, நைவிரில ஏதாவது விஷ வாயு கசிஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் தீவே செவப்பா இருக்கு? மாமரத்தடில உக்காந்து நீங்களே தட்டி அனுப்பிட்டீங்கன்னு இங்க பேசறாங்க."

"சார், வீடு வீடாப் போனேன். சொன்னதத்தான் தட்டினேன்."

"சரி. வியாழக்கிழமைக் கப்பல்ல நானே வரேன். சில வீடுகள்ல நானே திரும்பக் கேட்பேன். உங்க பதிலும் என் பதிலும் ஒத்துப்போகலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. வேலைப் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவாங்க."

அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெந்த தாலோக் கிழங்கு போல வெளிறியிருந்தது. பிரனீல் லவுட்டோகா நகரத்துப் பையன். அவனுக்கும் நைவிரிக்கும் எந்தக் கேலி முறையும் இல்லை. அவன் கேட்டால் தோரிகா இடுப்பில் சுற்றிய சுலுத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "கண் நல்லாத் தெரியுதுங்க சார்" என்பாள். அத்தோடு விலிமைனாவின் கதை முடிந்தது.

"போய் அவங்ககிட்ட நேராச் சொல்லு. உன் வேலை போயிடும்னு சொல்லு," என்றேன்.

போனாள். சொன்னாள். எபராமாவின் வீட்டில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைத்தான் அந்த வருடத்தின் மிகப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள்.

"வேலை போச்சுன்னா இங்க வா தௌவு, பன்னி மேய்க்க ஆள் வேணும்!"

"விளையாடாதீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

"பாரு, பாரு, அழற மாதிரி எப்படி நடிக்கிறா! வுனிதோகோக்காரிங்க கெட்டிக்காரிங்கப்பா!"

பிறகு எபராமா அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். "கோவிச்சுக்காத. உன்னப் பாத்து நாங்க ஒழுங்காப் பதில் சொன்னா, உன்ன அந்நியப் பொண்ணாக்கிட்டோம்னு அர்த்தம். அது எங்களால முடியாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். என் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எலுமிச்சை இலைத் தேநீர் கொடுத்தேன். நான் ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் இல்லை. பிஸ்கட் டின்னை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

அப்போது தோரிகா வாசலில் நின்றாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல், கட்டு மாற்ற வேண்டும். ஓய்வு பெற்றாலும் இது என்னைவிட்டுப் போகவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றேன்.

"போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து நர்ஸம்மா."

"சீழ் வந்துதா?"

"கொஞ்சம் வந்துது நர்ஸம்மா."

"தண்ணியில நனைச்சியா? பொய் சொல்லாத."

"நனைச்சேன் நர்ஸம்மா. நண்டு பிடிக்கப் போனேன். இனிமே போகல."

கட்டிவிட்டு அனுப்பினேன். திரும்பினால் விலிமைனா எழுந்து நின்றுகொண்டிருக்கிறாள். தேநீர் பாயில் கொட்டிக் கிடக்கிறது.

"நர்ஸம்மா! உங்க குரல் வேணும்!"

"குரலா?"

"அந்தக் காது கேக்காதவருக்கு வீடியோ எடுத்தேன்ல? அதே மாதிரி. கேள்விய நான் கேக்கக் கூடாது, நீங்க கேக்கணும்! நீங்க இதுல பேசிடுங்க. நான் அவங்க காதுல மாட்டிவிட்டுட்டு முதுகக் காட்டி உக்காந்துக்கறேன். அவங்களே கலரத் தொடட்டும். உங்ககிட்ட யாரும் விளையாட மாட்டாங்க. எல்லாரும் உங்ககிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க!"

சொல்லி முடிக்குமுன் மேட்டை நோக்கி ஓடினாள். கேட்காமல் செய்தால் அது வேறு குற்றமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பிரனீல் நிபந்தனைகள் போட்டானாம். கேள்வியில் ஒரு சொல் மாறக் கூடாது, முதலில் அனுப்பிய பதில்களை அழிக்கக் கூடாது, புதிய பதில்களைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், தான் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

பதிவு செய்தது என் வீட்டுப் பின்கட்டில். முதல் முறை சேவல் கூவியது. இரண்டாம் முறை நானே நிறுத்திவிட்டேன்.

"நர்ஸம்மா, இது கோயில்ல வேதம் வாசிக்கற மாதிரி இருக்கு."

"பின்ன எப்படி வாசிக்கறது?"

"தோரிகாவ ஒரு கேள்வி கேட்டீங்களே, அப்படி."

எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடே வாசித்தேன். அதுதான் வேண்டும் என்று குதித்தாள்.

முதலில் தோரிகாவின் வீட்டுக்கே போனோம். நான் வாசலுக்கு வெளியே பலா மரத்தடியில் நின்றுகொண்டேன். விலிமைனா அவள் காதில் ஒயரை மாட்டினாள், டேப்லெட்டைப் பாயில் வைத்தாள், திரும்பி உட்கார்ந்தாள். தோரிகா வாயைத் திறந்து, ஏதோ ஒரு வசையைத் தயாராக வைத்திருந்தது தெரிந்தது. அது பாதியிலேயே நின்றது. கால்களை மடக்கினாள். சுலுவை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"இல்லீங்க நர்ஸம்மா," என்றாள் டேப்லெட்டைப் பார்த்து.

"வாயால சொல்லாத, தொடு!" என்றாள் விலிமைனா திரும்பாமலே.

தோரிகா தொட்டாள். பச்சை. அடுத்ததும் பச்சை. நடப்பதற்கு வந்தபோது காலைப் பார்த்தாள், யோசித்தாள், மஞ்சளைத் தொட்டாள். எல்லாம் முடிந்ததும், "நர்ஸம்மாக்கு நன்றி" என்று டேப்லெட்டுக்குச் சொன்னாள். காதிலிருந்து ஒயரைக் கழற்றிய அடுத்த கணம், "ஏய் பன்னித் திருடி, என் நேரத்த வீணாக்கிட்டுப் போறியே!" என்று விலிமைனாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

விலிமைனா வாசலுக்கு ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். என் எடை அவளுக்குத் தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை.

அதன் பிறகு ஊரே வரிசையில் நின்றது. நர்ஸம்மா பெட்டிக்குள் என்ன கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. காதில் மாட்டிய உடனே முதுகு நிமிரும், சிரிப்பு அடங்கும், கழற்றியதும் வசவு கிளம்பும். ஒரு மீனவன் கேள்வி நடுவில் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தான், என் குரலுக்கு முன்னால் வாயில் வைத்திருக்கக் கூடாதாம். பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே மஞ்சள், அங்கங்கே ஆரஞ்சு. உண்மையான ஊருக்கு அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக சகராயா வந்தார். ஊரிலேயே பெரிய வாயாடி. அறுபது வயது, சர்க்கரை நோய். முதல் சுற்றில் அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரிக்க வைத்தவர். "நீ வந்திருக்கியா? குரல் மட்டுந்தான் வருது, ஆளு எங்க? கடவுள் கருணை, உன் மூஞ்சி தெரியல!" என்றிருந்தார். அன்றும் சிவப்பு.

காதில் மாட்டிக்கொண்டார். என் குரல் கேட்டதும் அமைதியானார். பார்ப்பதில் சிரமம் உள்ளதா என்று அது கேட்டிருக்கும். கையை நீட்டினார். விரல் டேப்லெட்டைத் தாண்டிப் பாயில் இறங்கியது. மறுபடி நீட்டினார். டேப்லெட்டின் ஓரத்தைத் தடவி, மெல்ல மேலே வந்து, எந்த நிறத்திலும் இல்லாமல் நடுவில் நின்றது.

தொடும் சத்தம் வராததால் விலிமைனா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் உள்ளே போனேன்.

கையைக் கண் முன்னால் பிடித்தேன். "எத்தனை விரல்?"

"எந்தக் கை?" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துக்கு முன்னாலேர்ந்து நர்ஸம்மா. மொதல்ல ஓரம் மட்டும் மறைஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே! இவகிட்ட எல்லார் முன்னாலயும் சொன்னேன். ஊரே சிரிச்சுது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சிரிக்கும்போது சொன்னா கஷ்டமா இல்ல நர்ஸம்மா."

விலிமைனா அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு வசவும் சொல்லவில்லை. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன, வுனிதோகோ எருமைக்கு நாக்கு விழுந்துடுச்சா?" என்றார்.

"உங்களுக்குக் கண்ணு போனதுல உங்க பொண்டாட்டிக்குத்தான் கொண்டாட்டம். கறி கருகினாலும் தெரியாது," என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் சொல்லிவிட்டாள். இப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சுவா கண் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப் போவது என் வேலை என்று நான் அங்கேயே சொல்லிவிட்டேன். மறு பேச்சு பேச விடவில்லை.

வியாழக்கிழமைக் கப்பலில் பிரனீல் வந்து இறங்கினான். கடல் ஒத்துக்கொள்ளாமல் வெளுத்துப் போயிருந்தான். கஞ்சி வேண்டாமென்றான். கவாவை மட்டும் முறைப்படி வாங்கிக் குடித்துவிட்டு நேராக வேலையில் இறங்கினான். தானே தேர்ந்தெடுத்த வீடுகள், தானே கேட்டான். விலிமைனாவைக் கூட வர விடவில்லை. அவள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆலைக்குத் திரும்பப் போனால் பழைய இடமே கிடைக்குமா, குளிர் அறையில் போடுவார்களா என்று என்னிடம் கேட்டாள். வாயை மூடு என்றேன்.

மத்தியானம் எபராமாவின் வீட்டில் எல்லோரும் கூடினோம். பிரனீல் மூன்று பதில்களையும் வைத்துப் பார்த்தான். அவன் கேட்டதும் என் குரல் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. விலிமைனா முதலில் கேட்டது எதனோடும் ஒட்டவில்லை, சகராயாவைத் தவிர.

"இந்த முதல் சுற்றுதான் பிரச்சினை," என்றான். "இது நிஜமாவே அவங்க சொன்னதுதான்னு நான் எப்படி நம்பறது?"

விலிமைனா எழுந்து அவன் முன்னால் வந்தாள்.

"சார்," என்றாள். "இங்கயே கேக்கட்டுமா? உங்க முன்னால. குரல் இல்லாம. நானே."

அவன் தலையாட்டினான். விலிமைனா தோரிகாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"கண்ணாடி போட்டிருந்தாலும் சரி, பார்ப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?"

தோரிகா பிரனீலைப் பார்த்தாள். சுவாவிலிருந்து வந்த அதிகாரி. ஒரு கணம் முதுகு நிமிர்ந்தது. இவள் இப்போது ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

பிறகு அவள் பார்வை விலிமைனாவின் மேல் வந்து நின்றது. உதடு கோணியது.

"சார், மன்னிச்சுக்குங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "கண்ணா? நேத்து ராத்திரி உன்னக் கனவுல பாத்தேன் தௌவு, ரெண்டு கண்ணும் தானாவே எந்திரிச்சுக் கடல்ல குதிச்சிடுச்சு. நடக்கறதா? உன் ஊர்க்காரன் வந்தா ஓடறதுக்கு மட்டும் ரெண்டு கால் இருக்கு. பேரா? என் பேரு மறந்துபோச்சு, உன் பேரு மட்டும் நெனப்பிருக்கு, ஏன்னா எங்க பன்னிக்கும் அதே பேருதான்!"

வீடு அதிர்ந்தது. எபராமா கவாக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். பிரனீல் முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை, கடல் பயணத்தில் வெளுத்த முகம் சிவந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த 'சிரித்தார்'னு குறிப்பு எழுதியிருக்கீங்களே அக்கா, நாங்க அங்க உக்காந்து என்னென்னமோ யோசிச்சோம்."

"உண்மையைத்தான் எழுதினேன் சார்."

"தெரியுது." டேப்லெட்டை மூடி வைத்தான். "பேரை யாரும் எடுக்கப் போறதில்ல. இந்தக் குரல் வழியை மத்த தீவுகள்லயும் பண்ணிப் பாக்கணும். நீங்க வந்து சொல்லித்தரணும். வடக்குச் சுற்றுக்கும் உங்களத்தான் போடப்போறேன்."

விலிமைனா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தோரிகாவைக் கட்டிக்கொண்டாள். தோரிகா அந்த நேரம் பார்த்து அவள் தலையிலிருந்த பூவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்றான் பிரனீல். "இனிமே உங்கள எங்க அனுப்பறதுக்கு முன்னாலயும் எனக்குத் தெரியணும். உங்க ஊருக்குத் தௌவு வேற எந்தெந்த ஊர்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தாள். எபராமா உதவிக்கு வந்தார். தோரிகா இருவரையும் திருத்தினாள். பிரனீல் எழுதிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"அக்கா, இதுல பாதிக்கு மேல வடக்குச் சுற்றுல வருது."

"அப்ப என்ன சார்," என்றாள் விலிமைனா, "அங்க கேள்வி வேற, நர்ஸம்மாவத் திரும்ப உக்கார வெச்சுப் பேச வெக்கணும்."

பின்கட்டுக்குப் போய்ச் சேவலை முதலில் கூண்டில் அடைத்தேன்.